இருட்டும் வெதுவெதுப்பும்: காயம்பட்ட காட்டுயிரை மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுவருவது பற்றி

வாசகர் கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் காலை நடையின்போது, சாலையோரத்தில் ஒரு பருந்து இறக்கை தொங்கியபடி கிடந்தது. வீட்டுக்கு எடுத்து வந்து, அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றி, பாலில் நனைத்த ரொட்டி கொடுத்தோம். பிள்ளைகள் தலையைத் தடவிக்கொடுத்தபோது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் தளர்ந்துபோகவே வனவிலங்கு மறுவாழ்வு மையத்தில் ஒப்படைத்தேன். மறுநாள் கேட்டபோது, ஊசி போட்டு உயிரை முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். வீட்டிலேயே வைத்திருந்தால் பிழைத்திருக்குமோ என்று மனம் உறுத்துகிறது. இன்று எங்கள் மரத்தடியில் கண் திறக்காத அணிற்பிள்ளை ஒன்று கிடந்தது, அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். இதையும் அங்கே கொடுக்கத்தான் வேண்டுமா? கொடுத்தால் போய்ப் பார்க்க விடுவார்களா? வளர்ந்த பிறகு திருப்பித் தருவார்களா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தின் பிற்பகுதி அவசரமானது என்பதால் அணிற்பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அன்றே சுருக்கமாக எழுதி அனுப்பினேன். அதே நிலையில் இன்னும் பலர் தவிப்பார்கள் என்பதால் அதை இங்கே விரிவாகச் சொல்லிவிட்டு, பிறகு பருந்துக்கு வருகிறேன். பருந்தைப் பற்றிய கேள்வியை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. இத்தனை ஆண்டுகளாகக் காட்டுயிர்களுக்கு மருத்துவம் பார்த்துவரும் என்னிடம் அதிகம் பேர் தயங்கித் தயங்கிக் கேட்பது அதைத்தான்.

கண் திறக்காத ஒரு குட்டியைக் கையில் எடுத்தவுடன், பாவம், பசிக்குமே என்றுதான் நமக்கு முதலில் தோன்றுகிறது. ஆனால் பசியைக் காட்டிலும் முந்திக்கொண்டு அதைக் கொல்வது குளிர். ரோமம் முளைக்காத குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயின் வயிறும் உடன்பிறந்தவற்றின் நெருக்கமும் கூட்டின் மெத்தையும் சேர்ந்துதான் அதைச் சூடாக வைத்திருக்கின்றன. ஆகவே அதன் வயிற்றுப் பக்கத்தை உங்கள் விரலின் பின்புறத்தால் தொட்டுப் பாருங்கள். உங்கள் விரலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வேறெதையும் செய்யாமல் சூடேற்ற வேண்டும். ஒரு பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, துணியால் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். மறுபாதி வெறுமையாக இருக்கட்டும். சூடு கூடிப்போனால் குட்டி நகர்ந்து கொள்ள இடம் வேண்டும். தண்ணீர் ஆறியதும் மாற்றிவிட வேண்டும். ஆறிப்போன பாட்டில் குட்டியின் உடல் சூட்டையே உறிஞ்சிவிடும்.

சூடு திரும்பும்வரை ஒரு சொட்டுப் பாலும் கொடுக்க வேண்டாம். இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவனல்ல. பணியில் சேர்ந்த முதல் மழைக்காலத்தில், விறைத்துப்போன ஒரு அணிற்பிள்ளை என் மேசைக்கு வந்தது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். தோல் வழியே வயிற்றின் நிறம் தெரிந்தது. பதற்றத்தில், சூடேற்றுவதற்கு முன்பே சொட்டுக்குழாயில் பாலை எடுத்து அதன் வாயில் வைத்துவிட்டேன். மூன்று சொட்டு உள்ளே போனது. நான்காவது சொட்டு மூக்கின் வழியே சிறு குமிழியாக வெளியே வந்தது. அன்று மாலையே மூச்சில் ஒரு சன்னமான கிளிக் சத்தம் கேட்கத் தொடங்கியது. விடியும்போது அது உயிரோடு இல்லை. குளிர்ந்த உடலில் விழுங்கும் ஆற்றலும் மந்தம், குடலும் இயங்குவதில்லை. புரையேறிய பால் நுரையீரலில் தங்கி நிமோனியாவாக மாறுகிறது. தப்பித்தவறி வயிற்றுக்குள் போன பாலோ செரிக்காமல் புளித்து வயிற்றை உப்பவைக்கிறது. அந்தக் குமிழி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பசும்பாலும் உதவாது. அதில் அணில், முயல் ஆகியவற்றின் தாய்ப்பாலைவிடக் கொழுப்பு வெகு குறைவு, பால் சர்க்கரை வெகு அதிகம். குட்டிக்குப் பேதியாகும், பேதியான குட்டி சில மணி நேரத்தில் நீர்வற்றிப் போகும். அப்படியே சில வாரம் தப்பிப் பிழைத்தாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்புகள் வளைந்துவிடும்; பெரிய பிள்ளையான பிறகு மரமேறும்போது கால் ஒடிந்து விழுகிற அணில்களின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தால், அன்போடு வளர்த்தவர்களுக்குத்தான் முதலில் மனம் உடையும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பருவத்துக் குட்டிகளால் தாமாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிக்கொடுத்தால்தான் கழிக்கும். ஒவ்வொரு முறை பால் ஊட்டும்போதும் ஈரப்பஞ்சால் மெல்ல ஒற்றி அந்த வேலையை மனிதர்தான் செய்ய வேண்டும் என்பது வீட்டில் வளர்ப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாமலே போகிறது.

உங்கள் குட்டிக்குக் காயம் ஏதும் இல்லை, உடல் சூடாகிவிட்டது, வெளியில் பகல் வெளிச்சம் இருக்கிறது என்றால், மையத்துக்கு எடுத்துச் செல்லும் முன் தாய்க்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்துப் பார்க்கலாம். மையத்தைத் தொலைபேசியில் அழைத்தாலும் அவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். வெந்நீர்ப் பாட்டிலோடு அந்தப் பெட்டியை, மூடாமல், குட்டி கிடந்த அதே மரத்தில் நாய் பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவைத்துவிட்டு, தாய்க்கு நீங்கள் தெரியாத தூரத்துக்குப் போய்விடுங்கள். தாய் அணிலுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகள் உண்டு; ஒரு கூடு குலைந்தால் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கவ்வி அடுத்த கூட்டுக்குத் தூக்கிச் செல்லும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம்; அது உண்மையில்லை. வாடையைவிடத் தாயைத் தடுப்பது, அருகில் நின்று எட்டியெட்டிப் பார்க்கும் மனித உருவம்தான். சில மணி நேரம் கழித்தும் தாய் வராவிட்டாலோ, இருட்டத் தொடங்கிவிட்டாலோ, பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். அணில் இரவில் தேடி வராது.

சில நிலைமைகளில் தாய்க்காகக் காத்திருப்பதே தவறு. பூனை கவ்விய குட்டி, எறும்பு மொய்த்த குட்டி, இரத்தம் கசியும் குட்டி, தாய் செத்துக் கிடப்பதை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்ட குட்டி ஆகியவற்றை நேராக மையத்துக்கே எடுத்து வர வேண்டும். ரோமத்துக்கு இடையிலோ கண், காது ஓரத்திலோ நொய்யரிசி போல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அவை ஈயின் முட்டைகள். சில மணி நேரத்தில் புழுவாகிச் சதையைத் துளைக்கத் தொடங்கும் என்பதால் அதுவும் உடனே கவனிக்க வேண்டியது.

உதவியே தேவைப்படாத குட்டிகளும் ஏராளமாக எங்கள் வாசலுக்கு வருகின்றன. தனியாகப் புல்லுக்குள் சுருண்டு கிடக்கும் மான்குட்டியைத் தாய் கைவிட்டுவிடவில்லை. தான் அருகில் நின்றால் தன் வாடையே வேட்டை விலங்கை வரவழைக்கும் என்பதால் தாய்மான் தள்ளிப்போய் மேய்ந்து, நாளுக்குச் சில முறை மட்டும் வந்து பாலூட்டிவிட்டுப் போகிறது. குழிமுயலுக்கும் காட்டு முயலுக்கும் இது இன்னும் குறைவு. பல வகைகளில் ஒரு நாளைக்கு ஒரே முறை, அதுவும் சில நிமிடங்கள்தான். பறவைகளிலோ, உடம்பெல்லாம் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்தித் தரையில் திரியும் குஞ்சு கூட்டை விட்டு வெளியேறிப் பறக்கப் பழகுகிற குஞ்சு; பெற்றோர் அருகிலேயே இருந்து ஊட்டுகின்றன. அதை நடைபாதையிலிருந்து ஒரு புதருக்குள் நகர்த்திவிட்டுப் பூனையை வீட்டுக்குள் அடைத்தால் போதும். இறகு முளைக்காத குஞ்சென்றால் கூட்டில் திரும்ப வைக்க வேண்டும். இந்த விதிக்கு விலக்கு உழவாரன். அது வாழ்நாளில் பெரும்பகுதியை வானிலேயே கழிக்கும் பறவை. தரையில் தத்தித் திரிந்து பறக்கக் கற்பதில்லை. தரையில் கிடக்கும் உழவாரன் எதுவானாலும் அதற்கு உதவி தேவை.

இனி உங்கள் பருந்து.

பிள்ளைகள் தடவியபோது அது சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நாய்க்கும் பூனைக்கும் நம் கை ஆறுதல். காட்டுப் பறவைக்கு நம் கை, தன்னைப் பிடித்துவிட்ட வேட்டை விலங்கின் வாய். தப்ப முடியாதபோது அது அசையாமல் கிடக்கிறது, கண்ணை மூடுகிறது, எதிர்க்காமல் விட்டுவிடுகிறது. வெளியே அமைதியாகத் தெரியும் அந்த உடலுக்குள் இதயம் தெறித்துக்கொண்டிருக்கும். மான், முயல், நெடுங்கால் பறவைகள் போன்றவற்றில் இந்த அச்சம் மட்டுமே கொல்லும். பிடிபட்டுத் திமிறியதில் தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவின் கழிவு சிறுநீரகத்தை அடைத்து, காயம் ஆறி வருகிறதென்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஓரிரு நாளில் சரிந்து விழுந்துவிடும். அதனால்தான் தடவ வேண்டாம், பேச்சுக் கொடுக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம் என்று நாங்கள் சலிக்காமல் சொல்கிறோம். உங்கள் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர்களிடம் இதை விளக்கிச் சொன்னால், அடுத்த முறை வீட்டையே அமைதியாக வைத்திருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்தானது. பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. நாம் ஊற்றும் தண்ணீர் நேரே அதற்குள் இறங்கிவிடக்கூடும். பாலையோ, பறவைகளின் குடலால் செரிக்க முடிவதில்லை. இறைச்சி மட்டுமே தின்னும் பருந்துக்கு ரொட்டியில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அடிபட்ட விலங்குக்கு உணவு அவசரமே இல்லை என்பதை மனத்தில் நிறுத்துங்கள். மையத்துக்கு வந்த பிறகும் நாங்கள் உடல் சூட்டைச் சரிசெய்து, தோலுக்கடியிலோ இரத்தக் குழாயிலோ நீரேற்றி, வலிக்கு மருந்து கொடுத்த பிறகுதான் உணவைப் பற்றி யோசிக்கிறோம்.

இறக்கைக்கு வருகிறேன். பறவையின் எலும்பு நம்முடையதைவிட வெகு விரைவாகக் கூடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் கெட்டிப்பட்டுவிடும். இது நல்ல செய்திபோலத் தோன்றினாலும், கோணலாகக் கிடக்கும் எலும்பு அந்தக் கோணலிலேயே அதே வேகத்தில் கூடத் தொடங்கிவிடும் என்பதையும் பார்க்க வேண்டும். தசைகள் சுருங்கி முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துவிடுகின்றன. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், பறவையின் எலும்பைப் போர்த்தியிருக்கும் சதை மிகக் குறைவென்பதால், அந்த முனை காற்றுப்பட்டு உலர்ந்து செத்துப்போகும். செத்த எலும்பு மறுபடி ஒட்டாது. தோளை ஒட்டிய மேல் எலும்பு பல பறவைகளில் உள்ளே வெற்றிடமாக இருந்து காற்றுப்பைகளோடு தொடர்பு கொண்டிருக்கிறது. அங்கே திறந்த காயம் என்றால் தொற்று நேரே மூச்சு மண்டலத்துக்குள் புகுகிறது. அந்தக் காயத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பறவை மூழ்கியே செத்துவிடலாம். முறிவு மூட்டுக்கு அருகில் இருந்தாலோ, கூடிய பிறகு மூட்டு இறுகி, இறக்கை முழுவதும் விரியாது. முழுவதும் விரியாத இறக்கையோடு ஒரு பருந்தால் இரை பிடிக்க முடியாது.

வீட்டிலேயே வைத்திருந்தால் பிழைத்திருக்குமா என்றால், பிழைத்திருக்காது. முறிந்த இறக்கையோடு, வலிக்கு மருந்தின்றி, தனக்கு ஒவ்வாத உணவோடு இன்னும் சில நாள் கிடந்து இறந்திருக்கும். ஊசி, அந்தச் சில நாள் வேதனையை மிச்சப்படுத்தியது. அந்த மூன்று நாள் தாமதம் ஏதாவது வேறுபாட்டை உண்டாக்கியதா என்பது நீங்கள் கேட்காத, ஆனால் வரிகளுக்கு இடையில் எனக்குத் தெரிகிற கேள்வி. மூட்டில் முறிந்திருந்தால் அன்றே கொண்டுவந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. எலும்பின் நடுப்பகுதியில், தோல் கிழியாமல் முறிந்திருந்தால் முதல் நாள் என்பது உண்மையிலேயே மதிப்புமிக்கது. இரண்டில் எது என்பது அந்த மையத்தின் பதிவேட்டில் இருக்கும். கேட்டால் சொல்வார்கள், கேட்கத் தயங்க வேண்டாம். நூறு பேர் கடந்து போன சாலையோரத்தில் குனிந்து அதை எடுத்தவர் நீங்கள் என்பதையும் நான் மறக்கவில்லை.

உயிரை முடிக்கும் முடிவைப் பற்றி என் கருத்தையும் பதிவு செய்கிறேன். மறுவாழ்வு மையம் விலங்குகளை வைத்துக் காப்பாற்றும் இல்லம் அன்று. உள்ளே வந்த உயிர் மீண்டும் தன் இடத்துக்குப் போய்த் தானே இரை தேடி, எதிரியிடமிருந்து தப்பி, இணை சேர்ந்து வாழ வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பறக்க முடியாத பருந்துக்கு ஒரு கூண்டு கொடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த பறவை வேறு. ஐந்தாண்டு வானத்தில் திரிந்த பறவை கம்பிக்குள் மனிதனைக் காணும்போதெல்லாம் மோதிக்கொண்டு, காலடியில் புண் வைத்து, இறகு சிதைந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாழ்வை அதற்குக் கொடுப்பது இரக்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எந்த மருத்துவருக்கும் அந்த ஊசியை எடுக்கும் கை இலேசாக இருப்பதில்லை.

அடுத்த முறை ஒரு விலங்கைக் கண்டால், தொடுவதற்கு முன் மையத்தை அழையுங்கள். எல்லா மையமும் எல்லா விலங்கையும் ஏற்பதில்லை. பறவைகளுக்கு மட்டுமான மையங்களும் உண்டு, ரேபிஸ் அபாயமுள்ள விலங்குகளை ஏற்க அனுமதி இல்லாத மையங்களும் உண்டு. பெரும்பாலான நாடுகளில் அனுமதியின்றிக் காட்டுயிரை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்றாலும், மையத்துக்குக் கொண்டு செல்வதற்காகச் சிறிது நேரம் கையில் வைத்திருப்பதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை.

எடுத்து வரும் முறை எளிது. விலங்கைவிடச் சற்றே பெரிய அட்டைப்பெட்டி; மேல்பகுதியில் சில துளைகள், அவற்றை விலங்கை உள்ளே வைப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். அடியில் நூல் பிரியாத பழைய துணி. நூல் பிரிந்த துண்டில் நகமும் விரலும் சிக்கிக்கொள்ளும். கம்பிக்கூண்டு வேண்டாம், அதில் மோதி இறகு முறிந்தால் அடுத்த இறகு உதிர்ந்து முளைக்கும்வரை, சில சமயம் ஓராண்டுகூட, அந்தப் பறவையை விடுவிக்க முடியாமல் போகும். பறவையின்மேல் ஒரு துணியைப் போர்த்தினாலே இருட்டில் அது அடங்கிவிடும். இறக்கைகளை உடலோடு சேர்த்து இரு கைகளாலும் எடுத்து உள்ளே வைத்து மூடிவிடுங்கள். இரைக்கொல்லிப் பறவைகளில் அஞ்ச வேண்டியது அலகுக்கு அன்று, கால் நகத்துக்கு. கொக்கும் நாரையுமோ, அலகால் நேரே கண்ணைக் குறிவைத்துக் குத்தும்; அவற்றைப் பழக்கமில்லாதவர்கள் பிடிக்கவே கூடாது. வண்டியில் பாட்டு வேண்டாம், பேச்சைக் குறையுங்கள், குளிர்சாதனக் காற்று பெட்டிமேல் நேரே படாமல் பாருங்கள். இருட்டு, அமைதி, வெதுவெதுப்பு. பெட்டிக்குள் உங்களால் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான், அதற்குத் தேவையானதும் இவ்வளவுதான்.

வளர்ந்த மான், குரங்கு, காட்டுப்பன்றி, நரி, பாம்பு, பெரிய பூனையினம் எதையும் நீங்கள் பிடிக்க முயலக் கூடாது. தள்ளி நின்று, கூட்டம் சேராமல் பார்த்துக்கொண்டு, ஆட்கள் வரும்வரை இடத்தை விட்டு அகலாமல் இருப்பதே பேருதவி. வௌவாலை ஒருபோதும் வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் பல் பட்ட இடம் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியதாக இருக்கலாம். ரேபிஸோ, அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ யாரையும் விட்டுவைக்காத நோய். எந்தக் காட்டுப் பாலூட்டி கடித்தாலும் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். இதில் விலங்கின் உயிரும் அடங்கியிருக்கிறது. கடித்த விலங்குக்கு ரேபிஸ் உண்டா என்று உறுதி செய்ய அதன் மூளைத் திசுவைத்தான் சோதிக்க வேண்டும், அதற்கு அதைக் கொன்றாக வேண்டும். கையுறை போட மறந்த ஒரு நொடியால், காப்பாற்ற வந்த விலங்கையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

மையத்தில் ஒப்படைக்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பூனைதான் கவ்வியது என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு, கீழே கிடந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பூனையின் பல் ஊசிபோல இறங்கி, மேலே இறகு மூடிக்கொள்ள, வெளியே ஒரு துளி இரத்தமும் தெரியாது. அதன் வாயிலிருக்கும் நுண்ணுயிர்கள் இரண்டு மூன்று நாளில் சிறு பறவையைக் கொன்றுவிடும். பூனை என்ற ஒரு சொல் கிடைத்தால் அந்த நிமிடமே ஆண்டிபயாடிக் தொடங்கிவிடுவோம். பால் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். எவரும் திட்டப் போவதில்லை. எலி மருந்து வைத்த இடத்துக்கு அருகில் ஆந்தை தளர்ந்து கிடந்தால், அது தின்ற எலியிலிருந்த நஞ்சு அதன் இரத்தத்தை உறையவிடாமல் செய்திருக்கலாம். வைட்டமின் கே கொடுத்து வாரக்கணக்கில் கவனித்தால் மீளும், மருந்தின் உறையைக் கொண்டுவந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. வாயிலிருந்து தூண்டில் நூல் தொங்கினால் இழுக்கவும் வேண்டாம், ஒட்ட வெட்டவும் வேண்டாம்; உள்ளே முள் எங்கே இருக்கிறது என்பதற்கு அந்த நூல்தான் எங்களுக்கு வழிகாட்டி. பசைப்பொறியில் ஒட்டிய உயிரைப் பிய்த்தெடுக்காமல், மீதிப் பசையின்மேல் காகிதத்தை ஒட்டி, பொறியோடு கொண்டு வாருங்கள். எண்ணெய் படிந்த பறவையை வீட்டில் கழுவக் கூடாது. 2000ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கக் கடலில் ட்ரெஷர் என்ற கப்பல் மூழ்கியபோது எண்ணெயில் தோய்ந்த ஏறத்தாழ 19,000 பென்குயின்களைத் தன்னார்வலர்கள் கழுவிக் காப்பாற்றினார்கள். அத்தகைய பெரும்பணியிலும், தளர்ந்த பறவைக்கு முதலில் நீரேற்றித் தெம்பூட்டிய பிறகுதான் கழுவுவது என்பது இந்தத் துறையின் நடைமுறை. ஓடு பிளந்த ஆமையைப் பார்த்து இனி ஆகாது என்று விட்டுவிட்டு வராதீர்கள். ஆமையின் உயிர் எளிதில் பிரிவதில்லை. பிளந்த ஓட்டைச் சேர்த்துப் பொருத்தினால் பல மாதங்களில் கூடிவிடும்.

எங்கே கண்டெடுத்தீர்கள் என்பதைச் சாலையின் பெயர், அருகிலுள்ள அடையாளம், முடிந்தால் கைப்பேசி வரைபடக் குறி வரை எழுதிவையுங்கள். வளர்ந்த பறவைக்கும் விலங்குக்கும் அந்த இடத்தில் எல்லையுண்டு, இணையுண்டு, எந்தப் பருவத்தில் எங்கே இரை கிடைக்கும் என்ற நினைவுண்டு. வேறோர் இடத்தில் விட்டால் அங்கே ஏற்கெனவே எல்லை கட்டி வாழ்பவை அடித்து விரட்டும். ஆமையோ, தன் பழைய இடத்தைத் தேடிச் சாலை சாலையாகக் கடந்துகொண்டே இருக்கும்.

அணிற்பிள்ளையைப் போய்ப் பார்க்க விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். விடமாட்டார்கள், திருப்பியும் தரமாட்டார்கள். இது உங்கள்மீது நம்பிக்கை இல்லாததால் அன்று. முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சுகள் முதலில் கண்ட மனிதரையே தாயாக மனத்தில் பதித்துக்கொண்டு பின்னால் நடப்பதை ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரென்ஸ் 1935இல் விரிவாக எழுதினார். அப்படிப் பதிந்துபோன பறவை வளர்ந்த பிறகு தன் இனத்தை இனமாகவே அறிவதில்லை; மனிதரிடமே இணை தேடும், சில சமயம் மனிதரையே போட்டியாளராகக் கருதித் தாக்கும். கலிஃபோர்னியக் காண்டார் கழுகில் காட்டில் எஞ்சிய கடைசிப் பறவையையும் 1987இல் பிடித்து இனப்பெருக்கம் செய்தபோது, குஞ்சுகளுக்கு மனித முகம் தெரியாதபடி கழுகுத் தலை வடிவக் கையுறை பொம்மையால்தான் ஊட்டினார்கள். பாலூட்டிகளில் இந்தப் பதிவு வேறு விதமாக நடந்தாலும் விளைவு ஏறத்தாழ அதுதான். மனிதரைக் கண்டு ஓடாத அணில், நாயைக் கண்டும் ஓடாது. ஆகவே மையத்தில் உங்கள் குட்டியை அதே வயதுடைய வேறு அணிற்பிள்ளைகளோடு சேர்த்துவிடுவார்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தூங்கியும், கடித்து விளையாடியும் அது அணிலாக இருக்கக் கற்றுக்கொள்ளும். கண் திறந்து, கொட்டை உடைத்துத் தின்னப் பழகி, மரக்கிளைகள் வைத்த பெரிய வெளிக்கூண்டில் சில வாரம் தாவித் திரிந்து, ஆள் வந்தால் ஒளிந்துகொள்ளும் நிலைக்கு வந்த பிறகு விடுவிப்பார்கள்.

ஒப்படைக்கும்போது ஒரு பதிவு எண் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உங்கள் மரத்தருகே நாய் பூனைத் தொல்லை இல்லையென்றால், விடுவிக்கும் வேளையில் அந்த இடத்தைக் கருத முடியுமா என்று இப்போதே கேட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். அப்படி விடுவிப்பதானால், உள்ளே துணிபோட்ட ஒரு மரக்கூட்டை முன்கூட்டியே கிளையில் கட்டிவைத்து, முதல் சில நாள் அதற்கு அருகில் உணவு வைக்க ஓர் ஆள் வேண்டியிருக்கும். அந்த வேலையை ஏற்கிறேன் என்று நீங்கள் சொன்னால், மையத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் காட்டுயிர் மருத்துவர்